அடிக்கோடிட்ட நான்கு வரிகள்

ஓர் ஆங்கிலக் கவிதைக்குப் பொருள் சொல்லும்போது நான்கு வரிகளை வேண்டுமென்றே விழுங்கினேன். அதனால் என் தங்கை ராக்காயியின் வாழ்க்கையைக் கெடுத்தேன். தெரிந்தே கெடுத்தேன்!

இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. என் மனைவியிடம் சொல்லவே முடியாது... ஏன் என்பது உங்களுக்குப் போகப்போகப் புரியும். நீங்கள் யாரோ எவரோ. அதனால்தான் உங்களிடம் வாய் திறக்கத் துணிகிறேன்.

அப்போது எனக்கு இருபது வயது. மதுரையில் இண்டர்மீடியட் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். ஊர், திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கரிசல் கிராமம். எங்கள் வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவன் நான் ஒருவனே. அந்தத் திமிரை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

சுந்தரம் என் மாமன் மகன், வகுப்புத் தோழனும்கூட. மழை பொய்த்து மாமாவின் நிலம் கைவிட்டுப் போனதும், படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு ரங்கூனுக்குக் கப்பலேறினான். அங்கே ஓர் அரிசி ஆலையில் குமாஸ்தா வேலை. ராக்காயி அவனுக்கு முறைப்பெண். ஆனால் நிலம் போன வீட்டுக்குப் பெண் கொடுக்க அப்பாவுக்கு மனமில்லை. வந்து கேட்க மாமாவுக்கும் முகமில்லை.

என்றாலும் ராக்காயி அப்பாவுக்குச் செல்லம். "மச்சானைத்தான் கட்டுவேன்" என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தட்டியிருக்க மாட்டார். அந்த மச்சானின் மனத்தில் தான் இருக்கிறோமா, இல்லையா? அதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

அதைத் தெரிவிக்கத்தான் அவன் எழுதினான். தமிழில் எழுதினால், அவள் கையில் கண்டு அப்பா படித்துவிடுவார். ஆகவே எங்கள் பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு கவிதையைத் தன் கைப்பட நகலெடுத்து, என் கல்லூரி விலாசத்துக்கு அனுப்பினான். கூடவே எனக்கு ஒரு துண்டுச் சீட்டு.

"மாப்ள, இதை ராக்காயிகிட்டக் குடு. அர்த்தத்தை நீயே சொல்லிரு. கோடு போட்ட கடைசி நாலு வரியை நிறுத்திச் சொல்லு. அவ சரின்னு சொன்னா எனக்கு ஒரு வரி எழுதிப் போடு. தைக்கு வந்து நானே பொண்ணு கேக்குறேன்."

எவ்வளவு நம்பிக்கை பாருங்கள்!

விக்டோரியா ராணி காலத்து ஆங்கிலேயர் ஒருவர் எழுதிய கவிதை அது. ஐந்து பத்திகள். முதல் நான்கும் ஒரே புலம்பல். இளமை விருந்தாளியைப்போல் வந்து, சொல்லிக்கொள்ளாமலே போய்விட்டது. தோட்டத்தில் ஒருநாள் கைகோத்து நடந்தவள் மறுநாள் இல்லை. காதல் வாசல்வரை வந்து, விளக்கேற்றுமுன் திரும்பிவிட்டது... இப்படியே போகும். ஐந்தாம் பத்தியில்தான் அந்த மனிதர் திடீரென்று நிமிர்ந்து உட்காருவார்.

அந்தக் கவிதையை ஆராய்ந்து நான் எழுதிய கட்டுரையை, அதற்கு முந்திய வாரந்தான் எங்கள் பேராசிரியர் வகுப்பில் வாசித்துக் காட்டி மெச்சியிருந்தார். அதில் என்ன எழுதியிருந்தேன் தெரியுமா? "கடைசிப் பத்தியே இக்கவிதையின் உயிர். அதை நீக்கினால் மிஞ்சுவது ஒப்பாரி." நானே எழுதினேன்! புரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பவும் எனக்கு வழியில்லை.

பின் ஏன் செய்தேன்?

அந்த மாதந்தான் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சம்பந்தம் பேச வந்திருந்தார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் சம்பந்தம். ராக்காயி அந்த வீட்டு மகனுக்கு. அந்த வீட்டு மகள் செல்லம்மாள் எனக்கு. ஒன்று நடந்தால்தான் மற்றொன்று. செல்லம்மாளை ஒரு கலியாணப் பந்தியில் பார்த்திருந்தேன். என் இலையில் சோறு வைத்தவள், பேனா கசிந்து என் சட்டைப்பை முழுக்க மசியாகியிருப்பதைக் கண்டு, சிரிப்பை அடக்கமாட்டாமல் உள்ளே ஓடிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குப் பாடமும் ஏறவில்லை, சோறும் இறங்கவில்லை.

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். உள்ளதைச் சொல்லிவிடத்தான் வழியெல்லாம் நினைத்தேன். நம்புவீர்களா?

ராக்காயி காட்டிலிருந்து மடி நிறையப் பருத்தியோடு வந்தாள். கொல்லையில் வைத்துத் தாளைக் கொடுத்தேன். மடியை இறக்கிவைக்கக்கூடத் தோன்றாமல், புரியாத அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மச்சான் என்னண்ணே எழுதியிருக்காக?"

சொன்னேன். முதல் நான்கு பத்திகளுக்கும் வரிவரியாக, அழகாகப் பொருள் சொன்னேன். அவள் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்!

"போனது போனதுதான்னு சொல்றாகளா?"

"ஆமா."

"கீழ இன்னும் நாலு வரி இருக்கேண்ணே?"

இதோ, இந்த இடந்தான்... இங்கேயாவது நான் மனிதனாக இருந்திருக்கலாம்.

"அது மேல சொன்னதையேதான் திருப்பிச் சொல்லுது," என்றேன்.

"அம்புட்டுத்தானா?" என்றாள். தாளை வாங்கி மடித்துக்கொண்டு உள்ளே போனாள். மறுநாள் அப்பா சம்பந்தத்தைப் பற்றிக் கேட்டபோது, "ஒங்க இஷ்டம்யா" என்று சொல்லிவிட்டாள்.

சுந்தரம் பதில் கேட்டு எழுதினான். "ராக்காயிக்கு உசிலம்பட்டிப் பக்கம் முடிந்துவிட்டது" என்று ஒரே வரி எழுதிப் போட்டேன். அது உண்மைதானே! அதன்பின் அவன் எழுதவேயில்லை. ஒரே பந்தலில் எங்கள் இருவருக்கும் கலியாணம் நடந்தது.

ராக்காயியின் கணவர் கெட்டவரில்லை. மூன்று பிள்ளைகள், பால் மாடு, தோட்டம்... எதற்கும் குறைவில்லை. ஆனால் என்னோடு வம்பு பேசி, என் இங்கிலீஷை நையாண்டி செய்து சிரிப்பாளே, அந்த ராக்காயியை நான் பிறகு பார்க்கவேயில்லை. செல்லம்மாளோடு நான் சிரித்துப் பேசும்போதெல்லாம் அது நினைவுக்கு வந்துவிடும்.

இப்போது நான் மதுரையில் ஆங்கில வாத்தியார். சென்ற வருஷம் பர்மாவில் குண்டு விழுந்து, நம் ஜனங்கள் காட்டுவழியே நடந்து நடந்து ஊர் திரும்பினார்கள். சுந்தரம் திரும்பவில்லை. அவனைப் பார்த்ததாகச் சொல்லவும் ஒருவருமில்லை.

ஒருநாள் பகலில் ராக்காயி தனியாக, பெட்ரோல் பஞ்சத்தில் கரிப்புகையால் ஓடும் கரி பஸ்ஸில் ஏறி என் வீட்டுக்கு வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்தாள். மடிப்பெல்லாம் இற்றுப்போயிருந்தது.

"அண்ணே, இன்னொரு தடவை வாசிச்சுச் சொல்லு."

நான்கு பத்திகளைச் சொன்னேன். நிறுத்தினேன். அவள் ஐந்தாவதன் மேல் விரலை வைத்தாள்.

"மேல சொன்னதைத் திருப்பிச் சொல்றதுக்கா மச்சான் கோடு போட்டாக?"

சமையற்கட்டில் செல்லம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். சொன்னால் என்ன ஆகும்? அந்த வீட்டில் ஒரு மனக்கசப்பு வந்தால் இந்த வீட்டுப் பெண்ணும் பிறந்தகம் போகவேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்களின் வழக்கம் அது. இல்லை... இதெல்லாம் சாக்கு! எனக்குப் பயம். அவ்வளவுதான்.

"படிக்கிற காலத்துப் பழக்கம். சும்மா போட்டிருப்பான்," என்றேன்.

ஐந்தாவதன் மேலிருந்த விரலை எடுத்தாள். பிறகு தாளைப் பழையபடி மடித்து முடிந்துகொண்டாள்.

"சரிண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன். மதினிகிட்டச் சொல்லிரு."

காப்பிகூடக் குடிக்கவில்லை. அதன்பின் அவள் என் வீட்டுப் படி ஏறவுமில்லை.

அந்த நான்கு வரிகளின் பொருள் இதுதான்: 'போன இளமை போகட்டும். என் பெயர் உனக்கு இன்னும் நினைவிருந்தால் ஒரு சொல் அனுப்பு. கடலுக்கு அப்பால் இருந்தாலும் வருகிறேன். அதுவரை என் வாசல் வேறெவருக்கும் திறக்காது.'

பாருங்கள்... எவ்வளவு சுலபம்! யாரோ எவரோவான உங்களிடம் சொல்லிவிட்டேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.