ஏழாவது கேள்வியில் இருபத்தாறு பேர் ஃபெயில்

வீடியோ எடுப்பது வேறு தொழில். ஊரார் எடுத்துப் போட்ட பாட வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துத் தேறுவதைப் பொறுக்கி, அனுமதி வாங்கி, என் குரலிலேயே தமிழில் பேசி, கடைசியில் கேள்வி வைத்து ஆன்லைன் கோர்ஸாக்குவது என் தொழில். ‘கோர்ஸ் முடிச்சிட்டீங்களா?’ என்று ஆபீசில் தினமும் மெயில் வாங்கி நொந்துபோனவர்களே, அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு. ஆனால் வேலையில் நான் கெட்டிக்காரி. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சும்மா கிடைப்பது

ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனி. தையல் செக்‌ஷனில் இருபத்தாறு பெண்களுக்கு கோர்ஸ் கேட்டார்கள். தேறுகிறவர்களில் ஒருத்தர் சூப்பர்வைசர். யாரும் தேறாவிட்டால் வெளியிலிருந்து ஆள் வரும். கடைசிப் பரீட்சையில் பத்துக்குப் பத்து எடுத்தால்தான் பாஸ் என்றார் மேனேஜர். ஒரு ஜோடி மோசமாகப் போனாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடுமாம். நியாயம்தான்.

இரண்டு வாரம் கண் எரிய எரியப் பார்த்து, முப்பது வீடியோ பொறுக்கிக்கொண்டு போனேன். ஒன்றே ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “இன்னா மேடம், இதெல்லாம் நெட்டுல சும்மாவே கெடைக்குதே, நடுவுல நீங்க எதுக்கு?”

ஆலங்காயம் பஸ்

அந்த இருபத்தாறு பேரில் ஒருத்தி ஸ்டெல்லா. பத்து வருஷமாக அதே மெஷின். இவளுக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு ஆண்கள் சூப்பர்வைசர் ஆகிவிட்டார்கள். “இந்த வாட்டி விடமாட்டேன்க்கா” என்று முதல் நாளே சொன்னாள்.

கம்பெனிக்குள் போன் கூடாது, வீட்டில் நேரம் கிடையாது. ஆலங்காயத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும்போதுதான் பாடம். முதல் வீடியோவில் ஒரு வெளிநாட்டு மாஸ்டர் சிரித்த முகத்தோடு நிதானமாகச் சொல்லித்தருவார். எனக்கு ரொம்பப் பிடித்த வீடியோ. எப்படி இருக்கிறது என்று ஆசையாகக் கேட்டேன்.

“நல்லாத்தான் இருக்குக்கா. ஆலங்காயத்துல ஊசியில நூல் கோக்க ஆரம்பிச்சாரு, வாணியம்பாடி தாண்டியும் கோத்துட்டேதான் இருக்காரு.”

பத்துக்குப் பத்து

அன்றைக்கே எல்லாவற்றையும் மூன்று மூன்று நிமிஷமாக வெட்டினேன். பரீட்சை தயாரானதும் மேனேஜர் தானே எழுதிப் பார்த்தார். பத்துக்குப் பத்து. எனக்கும் அதேதான். மறுநாள் பெண்கள் எழுதினார்கள். இருபத்தாறு பேரும் ஃபெயில்!

எல்லாரும் ஏழாவது கேள்வியில் கவிழ்ந்திருந்தார்கள். பாதிப் பேருக்கு அது ஒன்றுதான் தப்பு. தைத்து முடித்த ஷூவின் மேல்பாகத்தை அந்த மாஸ்டர் தூக்கிக் காட்டுவார். ஓகேயா, ரிஜெக்ட்டா? அத்தனை பேரும் ரிஜெக்ட் போட்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம், பாடத்தை ஒருத்தியாவது பார்த்தாளா என்று! மேனேஜர், “நாளைக்கு இன்னொரு சான்ஸ், அதோட சரி” என்றார்.

ஸ்டெல்லாவை நினைத்தால் மனசு கேட்கவில்லை. போன் போட்டு, “ஏழாவதுக்கு ஓகேன்னு போட்டுடு, பாஸாயிடுவ” என்றேன். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். “மாட்டேன்க்கா. முன்பக்க வளைவைப் பெருசு பண்ணிப் பாருங்க” என்றாள். பார்த்தேன். அட கடவுளே, நடுவில் ஒரு தையல் விட்டுப்போயிருக்கிறது! நாற்பது தடவையாவது பார்த்த வீடியோ அது. வெட்கமாகப் போய்விட்டது.

“நீங்க அவரு சிரிச்ச மூஞ்சியப் பாத்தீங்க. நாங்க தையலப் பாத்தோம்.”

மேனேஜர் ரூம்

சொன்னால் அடுத்த வேலை கைநழுவும். பேசாமல் கேள்வியை மட்டும் மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் ஃபெயில் என்ற பேர் அந்தப் பெண்கள் மேல் அல்லவா நிற்கும்? காலையில் நேராகப் போய், “சார், ஃபெயிலானது அவங்க இல்ல, நான். கூடவே நீங்களும்” என்றேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

அவர் வீடியோ ஓடும் என் போனை வாங்கி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. லிஸ்ட்டை இழுத்து, பதிமூன்று பெயருக்கு நேரே பாஸ் என்று எழுதினார். அடுத்த வாரம் இன்டர்வியூவில் ஸ்டெல்லாதான் சூப்பர்வைசர். போனில் அழுதாள், நானும் அழுதேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வேறொரு கம்பெனிக்கு அடுத்த கோர்ஸ் ரெடி பண்ணுகிறேன் என்று சொல்லி வைத்தேன்.

உடனே அவள் அழுகை நின்றது. “எனக்கு அனுப்புங்கக்கா. நான் பாஸ் பண்ணாதான் அது வெளிய போகணும்.”

அப்படியே செய்கிறேன், இதுவரை மூன்று வீடியோ ரிஜெக்ட், அதில் ஒன்றில் தப்பு நான் பேசிய தமிழில்.