பஞ்சாட்சரம் அணைக்காத கற்பூரம்

திருத்தணி மலையடியில் தேங்காய், கற்பூரம் விற்ற பஞ்சாட்சரத்தின் கடைக்கு அடுத்த கடை என்னுடையது. வெற்றிலைபாக்கு வியாபாரம். உலக யுத்த காலத்தில் கற்பூரத்துக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இருந்ததை உடைத்து வந்தவர்களுக்கெல்லாம் பங்கு போட்டவர் அவர். நான் மதித்த ஆள். அதனால்தான் இதை எழுதும்போது என்னாலேயே தலை நிமிர முடியவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு வருகிறவர்கள் மொட்டை போட்டுக் குளித்துவரும் வரை காவடியை அவர் கடை வாசலில் இறக்கி வைப்பார்கள். காவலுக்குச் சுப்பன் என்று ஒருவன், பள்ளிப்பட்டுப் பக்கத்து ஆள். ஒரு வருஷம் ஒரு காவடியில் கட்டியிருந்த வெள்ளிவேல் காணாமல் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து சுப்பன் காவலில் இல்லை. தூரத்தில் புளியமரத்தடியில் நின்றிருந்தான்.

எங்கள் ஊரில் திருட்டுப்பழி வந்தால், மலையின் முதல் படியில் கற்பூரம் ஏற்றி, சத்தியம் சொல்லி, உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். முருகன் பேரில் பொய் சொல்ல யாருக்கும் கை வராது. சுப்பனை இழுத்து வந்தார்கள்.

"பங்காளி செத்துட்டான்னு இப்பதான் சேதி வந்துச்சுங்க. தீட்டு. அதான் காவடியாண்ட நிக்காம எட்டப் போய்ட்டேன். படியத் தொடக்கூடாதுங்க. தீட்டு கழியட்டும், வந்து அணைக்கிறேன்" என்று கும்பிட்டான்.

"திருடுன உடனே தீட்டு வந்துடுச்சா? சொல்லி அனுப்புனியாடா அதுக்கு?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அடியும் விழுந்தது. தீட்டு கழிந்த பிறகு அவனை யாரும் படிக்குக் கூப்பிடவில்லை. காவலுக்கும் கூப்பிடவில்லை. ரோட்டுக்குக் கல் உடைக்கப் போய்விட்டான்.

அந்த வெள்ளிவேலைத் திருடியவன் பஞ்சாட்சரத்தின் மகன் சடகோபன். தேங்காய்நார் மூட்டைக்குள் அதைக் கண்டெடுத்தவள் தாய் வரலட்சுமி. புருஷனும் பெண்சாதியுமாக அதைக் குளத்தில் போட்டுவிட்டு, மகனைப் பட்டணத்துக்கு மாமன் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு இது தெரிய இரண்டு வருஷம் ஆயிற்று. அதுவும் ஒரு மட்டமான படத்தால்.

டூரிங் டாக்கீஸில் மர்மப் படம் என்று தண்டோரா போட்டார்கள். கடையை மூடிவிட்டு எல்லோரும் போனோம். ஒரு வக்கீலின் மகன் இன்னொருவனை மலையிலிருந்து தள்ளிவிடுகிறான். அப்பனும் ஆத்தாளும் மூடி மறைக்கிறார்கள். பழி தோட்டக்காரன் மேல் விழுந்து அவன் ஜெயிலுக்குப் போகிறான். அதுவரைக்கும் பரவாயில்லை. கடைசியில், செத்தவன் சாகவே இல்லையாம், கட்டுப்போட்ட தலையோடு வந்து நிற்கிறான். உடனே குடும்பமே சேர்ந்து பாட்டு. சுபம்.

"அடச்சீ, இதுக்கா பீடிய அணைச்சிட்டு பாத்தேன்?" என்று மணலை வாரித் திரைமேல் எறிந்தார்கள். அந்தக் கூச்சலில், மண்சுவருக்கு அந்தப் பக்கம் பொம்பளைகள் நடுவிலிருந்து வரலட்சுமியின் குரல் கேட்டது.

"தோட்டக்காரன் என்னா ஆனான்? அவன ஏன் காட்டல?"

"உங்க ஊட்டுக்குத்தான் வந்துகினு இருக்கான், போய் சோறு வைம்மா!" என்று எவனோ கத்தினான். கொட்டகையே சிரித்தது. என் பக்கத்தில் இருந்த பஞ்சாட்சரம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். படம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் அவரே போய்ச் சுப்பனைக் கூட்டிவந்தார். கூடவே வரலட்சுமி. முதல் படியருகில் கடைக்காரர்கள் எல்லோரையும் நிறுத்தி, "அந்த வேல நான்தான் எடுத்தேன். சுப்பன் மேல தப்பில்ல" என்றார்.

சுப்பன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "நீங்களா எடுத்தீங்க, மொதலாளி?"

"ஆங்."

"அப்ப கற்பூரம் ஏத்தி அணைங்க."

ஏற்றினார். கையை ஓங்கினார். கை இறங்கவில்லை. கற்பூரம் புகைவிட்டு எரிந்துகொண்டே இருந்தது. கடைசியில் அது தானாகவே எரிந்து அடங்கி, படியில் கரிக்கறை மட்டும் மிஞ்சியது.

"இன்னும் எத்தினி வாட்டிதாங்க மூடுவீங்க?" என்று வரலட்சுமி அழுதாள். எங்கள் பக்கம் திரும்பி, "எம்புள்ள எடுத்தாங்க. நாங்க கொளத்துல போட்டோம்" என்றாள்.

சுப்பனை அடித்தவர்களும் அங்கேதான் நின்றார்கள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"சத்தியம் பண்றேன்னு அன்னிக்கே சொன்னேன். தீட்டு கழிஞ்சி தெனம் காத்துகினு இருந்தேன். ஒர்த்தனும் வான்னு கூப்புடல" என்றான் சுப்பன்.

பஞ்சாட்சரம் மடியிலிருந்து ஒரு கற்பூரக் கட்டியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

"உங்க கடைது வேணாங்க."

எதிர்க்கடையில் வாங்கிவந்து படியில் ஏற்றினான். "நான் எடுக்கல" என்று ஒரே அடியில் அணைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு மலையேறிப் போய்விட்டான். நாங்களும் ஒவ்வொருவராகக் கலைந்தோம். நான் கடை திறந்து, வெற்றிலைக்குத் தண்ணீர் தெளித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோதும், பஞ்சாட்சரம் நீட்டிய கட்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு படியருகில் நின்றிருந்தார்.