அடுத்த நிறுத்தம்

மூன்று நாள் மலையில் பிள்ளைகளை மேய்த்துவிட்டு வீடு திரும்பினால் என்ன செய்வீர்கள்? வெந்நீரில் குளித்து, ரசம் சாதம் சாப்பிட்டு, மட்டையாகிவிடுவீர்கள். நான் பையைக்கூடப் பிரிக்காமல் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைகள் யாருக்காவது ஏதாவது ஆயிற்றா என்று கணவர் இரண்டு தரம் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்றேன்.

பொய்தான்.

எங்கள் பள்ளியின் எட்டாம் வகுப்பை ஜவ்வாது மலையில் இயற்கை முகாமுக்கு அழைத்துப் போயிருந்தேன். முகாமில் எனக்கு ஒரே சட்டம் — ஜோடி. எந்தப் பிள்ளையும் தன் ஜோடியை விட்டு அசையக் கூடாது. நடப்பது, சாப்பிடுவது, கூடாரத்தில் படுப்பது எல்லாமே இருவராகத்தான். சீட்டுக் குலுக்கியதில் கவிதாவுக்கு ஸ்டெல்லா வந்தாள். அதுவரை வகுப்பில் இருவரும் பேசிக்கொண்டு நான் பார்த்ததில்லை.

கவிதா சரியான பயந்தாங்கொள்ளி. முதல் ராத்திரி இருட்டைப் பார்த்து அழுதவளை ஸ்டெல்லாதான் தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்டு, கையைப் பிடித்தபடி தூங்கவைத்தாள். அப்புறம் ரெண்டும் ஒட்டிக்கொண்டன. திரும்பி வரும்போதும் வேனில் ஒரே சீட், ஒரே பொரி பாக்கெட், ஓயாத சிரிப்பு. உத்திரமேரூர் நெருங்கும்போது மட்டும் ஏதோ குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். அடுத்த முகாமுக்குத் திட்டம் போடுகிறார்கள் என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது...

கவிதாவின் ஊர் வந்தது. அதற்கு அடுத்த நிறுத்தம் அதே ஊரின் காலனி. ஸ்டெல்லா அங்கே இறங்க வேண்டும். நடுவில் ஒரு ஏரிக்கரை, அவ்வளவுதான்.

கவிதாவின் அம்மா சொம்பில் மோரோடு காத்திருந்தார், எனக்காக. அன்பான மனுஷிதான். மகளின் தலையைக் கோதியபடி கேட்டார், "இவ இருட்டுன்னா நடுங்குவாளே மிஸ்ஸு... யாரு கூட படுத்துக்கினா?"

நான் வாயைத் திறப்பதற்குள் கவிதா முந்திக்கொண்டாள். "மிஸ் கூடதாம்மா."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். கெஞ்சுகிற பார்வை. உண்மை தெரிந்தால் முதுகுத் தோல் உரியும், இனி முகாம் கிடையாது, ஸ்டெல்லாவோடு பேச்சும் கிடையாது. எனக்குப் புரிந்தது. தலையாட்டினேன்.

அம்மாவின் முகம் தெளிந்தது. "அதானே பாத்தேன். கண்டவங்களோட படுக்க வெச்சிடுவாங்களோன்னு ஒரே பேஜாரா இருந்திச்சி மிஸ்ஸு."

என் முதுகுக்குப் பின்னால் வேனின் ஜன்னல் திறந்தே இருந்தது.

வேன் கிளம்பியதும் ஸ்டெல்லா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. அவளே மெதுவாகப் பேசினாள்.

"அது இன்னா பண்ணும் மிஸ்? நெசத்த சொன்னா அவங்கம்மா அட்ச்சிடும். நான்தான் வேன்லயே சொல்லிக் குடுத்தேன், உங்க பேர சொல்லச் சொல்லி."

காலனி வந்தது. டாட்டா காட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

டார்ச், ஓஆர்எஸ், பாம்பு கடித்தால் எந்த ஆஸ்பத்திரி — மலைக்கு எல்லாம் யோசித்துத்தான் போனேன். ஊர் திரும்புவதற்கு மட்டும் ஒரு ஏற்பாடும் செய்யவில்லை. அதை ஒரு எட்டாம் வகுப்புப் பெண் செய்துகொண்டாள். இந்த வயதில் ஒரு குழந்தைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா, சொல்லுங்கள்?

திங்கட்கிழமை தலைமையாசிரியர் வகுப்புக்கே வந்து என்னைப் பாராட்டினார். ஒரு பிள்ளையையும் தொலைக்காமல் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தேனாம்.

கவிதாவும் ஸ்டெல்லாவும் பழையபடி வேறு வேறு பெஞ்சில் உட்கார்ந்து கை தட்டினார்கள்.