சாந்தோரினிப் படகில் போட்ட துண்டு

காலை ஆறே முக்கால் மணி. கேபினின் வட்ட ஜன்னலில் முதலில் தெரிந்தது ஒரு செங்குத்தான பாறைச் சுவர். கறுப்பும் செம்மண் நிறமுமாகக் கடலிலிருந்து நேரே எழுந்து நின்றது. அதன் உச்சி நெடுகிலும், சுண்ணாம்பு வாளியைத் தட்டிவிட்டது போல வெள்ளை வழிந்திருந்தது. அந்த வெள்ளைதான் ஃபிரா, சாந்தோரினித் தீவின் முக்கிய ஊர் என்று என் மனைவி வசந்தி சொன்னாள். கிரேக்க நாட்டுத் தீவைப் பற்றி அவளுக்கு இருபது வருடமாகவே எல்லாம் தெரியும்.

எனக்குக் கடலூர் முதுநகரில் ஒரு மெடிக்கல் ஷாப். வீடு மஞ்சக்குப்பத்தில். சொகுசுக் கப்பலில் போகிற வசதி எனக்கில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்களைக் கூட்டி வந்தவர் சகலை ஞானவேல், வசந்தியின் தங்கை செல்வியைக் கட்டியவர். சிதம்பரத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறார். விற்பனையில் அவர் கடை முதலாவதாக வந்ததற்காக, கம்பெனிக்காரர்கள் இரண்டு ஜோடிகளுக்கு ஏதென்ஸிலிருந்து புறப்படும் கப்பலில் டூர் கொடுத்தார்கள். இரண்டாவது ஜோடியாக எங்களைச் சேர்த்துக்கொண்டார். கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் எப்பேர்ப்பட்ட மனசு என்றார்கள். எனக்கோ வயிறு எரிந்தது.

இன்று நேற்று வந்த எரிச்சல் இல்லை இது. சேத்தியாத்தோப்பு மாமனார் வீட்டுக்கு நான்தான் மூத்த மாப்பிள்ளை. ஞானவேல் எனக்கு ஆறு வருடம் கழித்து வந்தவர். ஆனால் வந்த நாளிலிருந்து எனக்கு முன்னால்தான் நிற்கிறார். நான் ஸ்கூட்டர் வாங்கிய வருடம் அவர் கார் வாங்கினார். நான் வீட்டுக்கு வெள்ளையடித்த வருடம் அவர் மாடி எடுத்தார். வேண்டுமென்றே செய்தால் சண்டையாவது போடலாம். அந்த மனிதர் மனதில் அப்படி ஒரு நினைப்பே கிடையாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தத் தீவு ஆசைகூட அவர் கடையிலிருந்து வந்ததுதான். கடை திறந்த வருடம் அவர் அடித்துக் கொடுத்த காலண்டரில் நீலக் கும்மட்டம் வைத்த ஒரு வெள்ளைக் கோயில், பக்கத்தில் மணிக்கூண்டு, பின்னால் கடல். வருடம் முடிந்து தாளெல்லாம் கிழிந்த பிறகும் வசந்தி படத்தை மட்டும் சமையலறைச் சுவரிலிருந்து எடுக்கவில்லை. “ஒருநாள் உன்னை அங்கே கூட்டிட்டுப் போறேன்” என்று தாளிக்கும் புகைக்கு நடுவே நான் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

கூட்டிவந்தது வேறு ஒருவர் என்றாகிவிட்டது. அதனால் மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். கப்பல் அவருடையதாகவே இருக்கட்டும். தீவு என்னுடையது. வசந்தியைக் கைபிடித்து அந்தக் கரையில் இறக்குவது நானாக இருக்க வேண்டும், அதுவும் ஞானவேல் கால் வைப்பதற்கு முன்னால்.

சாந்தோரினியில் பெரிய கப்பல் கரையை அணையாது. நடுக்கடலிலேயே நிற்கும். தீவுக்காரர்கள் சிறு படகுகளில் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார்கள். கடலூர்க்காரனுக்கு இது புதிதல்ல. எங்கள் துறைமுகத்திலும் கப்பல் தள்ளி நின்றுகொள்ள, தோணிகள்தான் சரக்கை ஏற்றி இறக்கும். அங்கே உர மூட்டை, இங்கே நாங்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகள் ஒரே நேரத்தில் முண்டாமல் இருக்க, நம்பர் போட்ட ஸ்டிக்கர் கொடுக்கிறார்கள். உங்கள் நம்பரைக் கூப்பிட்டால் நெஞ்சில் அதை ஒட்டிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போக வேண்டும்.

ஏழே கால் மணிக்கே நான் வரிசையில் நின்றுவிட்டேன். கிடைத்தது ஐந்தாம் நம்பர். இரண்டே இரண்டு வாங்கினேன். திரும்பும் வழியில் ஞானவேல் கையில் டீயோடு எதிரே வந்தார். எங்களுக்கும் சேர்த்து வாங்கிட்டீங்களா சகல என்று கேட்டார். ஓர் ஆளுக்கு இரண்டுதான் தருகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். வாய் கூசவில்லை. அவர் தலையாட்டிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவருக்குக் கிடைத்தது பத்தொன்பது. அந்தப் பயணத்திலேயே நான் ருசித்துச் சிற்றுண்டி சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

எட்டரை மணிக்கு ஐந்தாம் நம்பரைக் கூப்பிட்டார்கள். வசந்தியைக் காணோம். எதிர் கேபினில் தங்கைக்குப் புடவைக் கொசுவம் பிடித்துக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டி, “நான் போய் இடம் போடுறேன், நீ பின்னாடியே வா” என்று சொல்லிவிட்டு, தோளில் துண்டோடு படி இறங்கினேன்.

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் உள்ளே நுழையும்போதே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு வளர்ந்த உடம்பு இது. துண்டு விழுந்த சீட்டில் எங்கள் ஊர்ப் பக்கம் எவரும் உட்கார மாட்டார்கள். உட்கார்ந்தாலும் பஸ்ஸே அவருக்குப் புத்தி சொல்லும். அந்த நம்பிக்கையில் படகில் கடல் பார்த்த இருக்கையாகப் பிடித்து, பக்கத்து இருக்கையில் துண்டை விரித்தேன். வெயிலில் கறுத்த படகுக்காரர் ஒருவர் துண்டை எடுத்து, நான் தவறவிட்டதாக நினைத்து என் மடியில் வைத்தார். மறுபடி விரித்து, ஒய்ஃப் கமிங் என்றேன். அவர் சிரித்தார். பின்னால் வந்த பருத்த வெள்ளைக்காரர் ஒருவர் எனக்கு வணக்கம் சொல்லி, துண்டின் மேலேயே உட்கார்ந்தார். நான் எழுந்து வாசலை நோக்கி இரண்டடி வைப்பதற்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள்.

கப்பல் விலகிப் போய்க்கொண்டிருந்தது. சட்டைப் பையில் கை வைத்தேன். வசந்தியின் ஸ்டிக்கர் அங்கே இருந்தது.

ஒன்பது மணிக்குள் பழைய துறைமுகத்தில் இறங்கிவிட்டேன். ஆசைப்பட்டபடி ஞானவேலுக்கு முன்னால் நான் கரையில் நின்றேன், தனியாக. அங்கிருந்து மேலே ஊருக்குப் போக மூன்று வழி. கேபிள் காரில் ஒருவருக்குப் பத்து யூரோ, நம் காசுக்கு ஆயிரம் ரூபாய்க்குப் பக்கம், மூன்று நிமிடம்தான். கோவேறு கழுதையும் அதே பத்து யூரோ கேட்கிறது. மூன்றாவது, கழுதைகள் ஏறி இறங்கும் அதே படிக்கட்டு, இலவசம். சாணத்தைப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். நான் எதிலும் ஏறவில்லை. படகு கட்டுகிற ஒரு கம்பத்தில் சாய்ந்துகொண்டு வருகிற படகையெல்லாம் பார்த்திருந்தேன். என் போனில் ரோமிங் போடவில்லை. ஞானவேல் போட்டிருந்தார், செல்விக்கும் சேர்த்து.

அந்த ஒன்றரை மணி நேரமும் என்ன நினைத்தேன் என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். ஸ்டிக்கர் இல்லாமல் வசந்தி தவித்திருப்பாள். ஞானவேல் யாரிடமாவது சிரித்துப் பேசிக் காரியத்தைச் சாதித்திருப்பார். அவர் முதலில் குதித்து, ‘வாங்க அண்ணி’ என்று கை நீட்ட, அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் என் எதிரே இறங்கப்போகிறாள். ஒவ்வொரு படகிலும் இதே காட்சியை எதிர்பார்த்து எரிந்துகொண்டிருந்தேன்.

பத்தரைக்கு வந்த படகில் வசந்தியும் செல்வியும் இருந்தார்கள். பட்டுப் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. நான் ஓடிப் போவதற்குள் படகுக்காரர் வசந்தியின் முழங்கையைப் பிடித்து இறக்கிவிட்டிருந்தார். ஞானவேலைக் காணோம்.

வசந்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். திட்டு விழும் என்று தயாராக இருந்தவனுக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை.

“ஸ்டிக்கர தம்பிகிட்ட குடுத்துட்டுப் போனீங்களாமே. அது தெரியாம உங்கள நல்லாத் திட்டிட்டேன்.”

அவள் தோளில் பத்தொன்பது என்று ஒட்டியிருந்தது. செல்வி தோளிலும் பத்தொன்பது. ஞானவேல் தன்னுடையதை உரித்து வசந்திக்கு ஒட்டிவிட்டு, நான் கொடுத்ததாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் மட்டும் மறுபடி வரிசையில் நின்று முப்பத்தொன்று வாங்கி, பின்னால் வருவதாகச் சொன்னாராம். செல்வி இதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னாள். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பையில் இருந்த ஸ்டிக்கரைக் கையால் மூடிக்கொண்டேன். நன்றி தோன்ற வேண்டிய இடத்தில் எனக்குத் தோன்றியது வேறு. நல்லவனாக இருப்பதிலும் இந்த ஆள் என்னை முந்திவிட்டாரே என்றுதான் நினைத்தேன்.

கேபிள் கார் வரிசை முக்கால் மணி நேரம் பிடித்தது. வரிசையில், என் துண்டின் மேல் வெள்ளைக்காரர் உட்கார்ந்த கதையை மட்டும் சொன்னேன். பெட்டி மேலே ஏற ஏறக் கப்பல் சின்னதாகிக்கொண்டே போனது. உச்சியில் சந்து சந்தாக வெள்ளைச் சுவர்கள், நகைக் கடைகள், ஐந்து யூரோ காபி. பூனைகள் மட்டும் எந்த அவசரமும் இல்லாமல் படுத்திருந்தன. ஞானவேலுக்காகக் காத்திருந்தோம். பன்னிரண்டரைக்குக் காற்று எழுந்தது. கடைகளின் துணிப் பந்தல்கள் படபடத்தன, வசந்தி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். செல்வியின் போன் அடித்தது, ஞானவேல்தான். அலை ஏறிவிட்டதாம். இனிப் படகுகள் கரையில் இருப்பவர்களைத் திரும்பக் கொண்டுவர மட்டும்தானாம். முப்பதாம் நம்பரோடு நிறுத்திவிட்டார்கள். நீங்கள் நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள், எனக்கு இங்கே பஜ்ஜி மாதிரி ஏதோ போடுகிறார்கள் என்று அவர் சொன்னதாகச் செல்வி சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் கடல் பக்கம் திரும்பியிருந்தது.

ஃபிராவிலிருந்து பாறை விளிம்போரமாக வடக்கே கால் மணி நேரம் நடந்தால் ஃபிரோஸ்டெஃபானி. பாதை ஒரு வளைவில் திரும்பியது. அங்கே இருந்தது காலண்டர் படம். அதே நீலக் கும்மட்டம், அதே மணிக்கூண்டு. பின்னால் கடலில் எங்கள் கப்பல் மட்டும் புதிது. வசந்தி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். செல்வி, வீட்டுக்காரருக்கு அனுப்ப வேண்டுமென்று போட்டோ எடுத்தபடி முன்னால் போய்விட்டாள்.

இந்த நேரத்துக்காகத்தான் நான் இருபது வருடம் வாயால் பந்தல் போட்டேன். என் கையிலிருந்து அவளுக்குக் கிடைத்தது எது என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பையிலிருந்த ஸ்டிக்கரை எடுத்து நீட்டினேன்.

“இது உன்னுது. நான் யாருகிட்டயும் குடுக்கல.”

அவள் அதை வாங்கவில்லை. கும்மட்டத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

“உங்க சட்டையில அஞ்சு, என் புடவையில பத்தொம்போது. எறங்கி உங்களப் பாத்ததுமே தெரிஞ்சிபோச்சு.”

“தெரிஞ்சா ஏன் கேக்கல?”

“அவரு உங்களக் காப்பாத்தணும்னு ஒரு பொய் சொல்லிக்கிறாரு. அத நான் எதுக்குக் கெடுக்கணும்? நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். சொல்லிட்டீங்க.” பிறகு என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்தாள். “வாங்க, இங்க நின்னு பாருங்க. அந்தப் பக்கம் மணி மறைக்குது.”

நான்கு மணிப் படகில் திரும்பினோம். அலை தூக்கிப் போட்டது. வெள்ளைக்காரர்கள் ஓவென்று கத்தினார்கள்.

கப்பலின் மேல்தளத்தில் ஒரே கூட்டம். ஐந்து மணிக்கு நங்கூரம் எடுப்பார்கள். தீவைப் பார்த்தபடி போட்டிருந்த நாற்காலிகளில் ஓர் இடம் காலி இல்லை. முன்வரிசையில் ஞானவேல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் மூன்று நாற்காலிகளில் வரிசையாக மூன்று துண்டு. ஒன்று அவர் தோள் துண்டு, மற்ற இரண்டும் கேபின் குளியல் துண்டுகள். மத்தியானத்திலிருந்து அப்படியே காவல் இருக்கிறாராம். தமிழிலும் சிரிப்பிலுமாக எத்தனையோ பேரை அனுப்பிவைத்தாராம்.

“படகுல போட்ட துண்டு நிக்கலன்னு செல்வி சொன்னா,” என்றார். “இங்க நின்னுடுச்சு. உக்காருங்க சகல.”

உட்கார்ந்தேன். எனக்கென்று போட்டிருந்தது அவர் தோள் துண்டு. அதை எடுத்து மடித்து வைத்துக்கொண்டேன். வசந்திக்கு விஷயம் தெரியும் என்று மெதுவாகச் சொன்னேன். அவர் வெட்கப்பட்டவர் போலக் காதைத் தடவிக்கொண்டு, அதை விடுங்க, மேலே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள் என்றார்.

கப்பல் நகர ஆரம்பித்தது. இருபது வருடத்தில் முதல் முறையாக, அவர் பார்க்காத ஒன்றை நான் பார்த்திருந்தேன். நான் வேண்டிக்கொண்டிருந்தது இதைத்தான். கையில் வந்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. சொல்ல ஆரம்பித்தேன். கழுதைச் சாணம், கேபிள் கார், பூனை, காபி விலை, கும்மட்டத்தின் நீலம் காலண்டரில் இருந்ததைவிடக் கொஞ்சம் மங்கல் என்பது வரை எதையும் விடவில்லை. அவர் சின்னப் பிள்ளை போல ம்ம் கொட்டிக் கேட்டார். வெள்ளைக் கோடு மெலிந்து பாறையும் நீலத்தில் கரைந்துகொண்டிருந்தது. கடை, கடன், வயசு எது வந்தாலும் வரட்டும், இவரை ஒருநாள் நான் இங்கே கூட்டிக்கொண்டு வந்து இறக்க வேண்டும் என்று மனதில் உறுதியாக வந்தது. சொல்லிவிடலாம் என்று தொண்டையைச் செருமினேன்.

“நல்லாருக்குது சகல,” என்றார் ஞானவேல், தீவிலிருந்து கண்ணை எடுக்காமல். “அடுத்த தடவ நீங்கதான் என்னக் கூட்டிட்டு வரணும்.”

அதையும் அவரே முதலில் சொல்லிவிட்டார்.