ஆடியில் பார்த்த மாடி வீடு

புதுக்கோட்டையில் எங்கள் தெருவுக்குப் பக்கத்தில் கல்லூரி வந்ததும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். வேறு வீடு தேடியதில், கட்டுப்படியாகும் வாடகையில் ஒரு மாடி வீடு அமைந்தது. அது ஆடி மாதம். "ஆவணி பொறந்ததும் பால் காய்ச்ச வாரோம்க்கா" என்று அந்த வீட்டுக்கார அக்காவிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த மாதம் முழுக்க மனத்துக்குள் அங்கேயே குடியிருந்தேன். வேப்பமரக் காற்று வரும் ஜன்னலோரம் கட்டிலைப் போட்டேன். மொட்டைமாடிக் கொடியில் துணி உலர்த்தினேன்.

ஆவணியில் பாலோடு போனால், கொடியில் யாருடைய சுடிதார்களோ ஆடிக்கொண்டிருந்தன.

"நாலு காலேஜ் பிள்ளைங்க சேந்து ரெண்டு மடங்கு தாரோம்னாங்க. நீங்க அட்வான்ஸும் குடுக்கலையே" என்றார் வீட்டுக்கார அக்கா.

அந்தப் பெண்கள் எங்கள் பாலிலேயே டீ போட்டுக் கொடுத்தார்கள். ஜன்னலில் அதே காற்று.

பழைய வீட்டிலேயே கூடுதல் வாடகை கொடுத்துக் காலம் தள்ளினோம். அடுத்த வீடு மார்கழியில் கிடைத்தது. அன்று மாலையே பால் காய்ச்சிவிட்டேன்.