இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு

என் நண்பனுக்கு மூச்சு வாங்கியபோது நான் அவன் சைக்கிளுக்குப் பல் கூட்டினேன். ஒரு தடவை இல்லை, கிட்டத்தட்ட ஒரு வருடம் அதையே செய்தேன். நான் பசுமலையில் கணக்கு வாத்தியார். வகுப்பில் வாத்தியாருக்குக் கணக்குத் தப்பினால் பையன்கள் சிரிப்பார்கள், அதோடு போய்விடும். இது அப்படிப் போகவில்லை.

எண்பதுகளில் மதுரையில் சைக்கிள் இல்லாத வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் சைக்கிளைப் பற்றிப் பேசுவதற்கென்றே பொழுதை ஒதுக்கிவைத்த பைத்தியங்கள் கொஞ்சம் பேர்தான். அதில் நாங்கள் மூன்று பேர். நான், செல்லூரில் இரண்டு விசைத்தறி வைத்திருந்த என் நண்பன், அப்புறம் பேங்கில் குமாஸ்தாவாக இருந்த ஒருவர். சனிக்கிழமை சாயங்காலமானால் செல்லூர் சந்துக்குள் இருந்த பாயின் சைக்கிள் ரிப்பேர் கடையில் கூடுவோம். பாய் எங்கள் வயதுக்காரர்தான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, சத்தத்தை வைத்தே எந்தப் பேரிங் குண்டு தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். நாங்கள் சுற்றி உட்கார்ந்து டயர் பருமன், சீட் உயரம், ஹேண்டில் வளைவு என்று தொண்டை வறளப் பேசுவோம்.

எல்லாப் பேச்சும் கடைசியில் பல்லில் வந்து நிற்கும். பெடலோடு சேர்ந்து சுற்றும் முன் பல்சக்கரத்தில் நாற்பத்தெட்டுப் பல். பின்னால் சங்கிலி சுற்றும் ஃப்ரீவீலில் பதினெட்டு. முன்னதைப் பின்னதால் வகுத்தால், ஒரு மிதிக்குப் பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்பது வரும். பின்னால் பல் கூடினால் மிதிப்பது லேசாகும், வேகம் குறையும். அம்புட்டுத்தான் விஷயம். ஆனால் இந்த வகுத்தலை மனதுக்குள்ளேயே போட்டு விடை சொல்ல எனக்கு மட்டும்தான் வரும். ‘வாத்தியார் சொன்னா சரியா இருக்கும்’ என்று பேங்க்காரர் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு சுற்று பெருத்த மாதிரி இருக்கும். சீ, இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது நண்பன் செல்லூரிலிருந்து என் வீட்டுக்கு வந்துவிடுவான். பசுமலை மேட்டை ஒரே மூச்சில் ஏறி வந்து, வாசலில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு பெல்லை அடிப்பான். பேங்க்காரரும் வந்து சேர்ந்ததும் திருமங்கலம் வழியாக டி. கல்லுப்பட்டி வரை போய், இட்லி தின்றுவிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்புவோம். எப்போதும் அவன்தான் முன்னால். நானும் பேங்க்காரரும் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போவோம். கொடைக்கானல் மலைமேல் சைக்கிளை மிதித்தே ஏற வேண்டும், ஒரு வளைவில்கூடக் காலை ஊன்றக் கூடாது என்பது அவனுடைய ஆசை. ஏறிவிடுவான் என்றுதான் நாங்கள் நம்பினோம்.

ஒரு ஆடி மாதம் திருமங்கலம் தாண்டியதும் அவன் பின்தங்கினான். எதிர்க்காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் திரும்பிப் பார்த்தால் ஒரு புளியமரத்தடியில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுக் குனிந்து நின்றுகொண்டிருந்தான்.

“என்ன மாப்ள?”

“ஒண்ணுமில்ல. மூச்சு வாங்குது.”

“காத்து அப்படி. இருபது பல்லு போட்டுருவோம்.”

அடுத்த சனிக்கிழமையே போட்டோம். ஒரு மிதிக்கு இரண்டே முக்கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது, இரண்டு புள்ளி நாலு ஆனது. நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன். அப்படி ஒரு நோட்டு வைத்திருந்தேன். மூன்று பேருடைய சைக்கிள்களிலும் எதை எப்போது மாற்றினோம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

ஐப்பசியில் காற்றே இல்லை. ஆனாலும் பின்தங்கினான். சீட்டை அரை அங்குலம் ஏற்றினோம். அடுத்து குண்டு மாற்றினோம், கிரீஸ் மாற்றினோம். கால் வீங்குகிறது, பெடலில் மாட்டும் வார் இறுக்குகிறது என்றான். வாரை எடுத்துவிட்டு அகலமான பெடல் போட்டோம். ஷூவை விட்டுவிட்டுச் செருப்புப் போட்டு வந்தான். இது நல்ல யோசனை, பாரம் குறையும் என்று நான் பாராட்டினேன். மனுஷனுக்குக் கால் ஏன் வீங்குகிறது என்று மூன்று பேரில் ஒருத்தருக்காவது தோன்ற வேண்டாமா?

தோன்றிய ஆள் ஒருவர் இருந்தார். பாய்தான். ஒரு சனிக்கிழமை நண்பன் டீ சொல்ல எழுந்து போனதும், பாய் பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

“சார், வண்டியில ஒரு குத்தமும் இல்ல. சும்மா வழுக்கிக்கிட்டு ஓடுது. ஏறி வந்தவரு ஒதட்டப் பாத்தீங்களா? நீலம் பாரிச்சிருக்கு.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் கணக்கில் ஒருத்தர் கைவைத்தால் வரும் கோபம் அது.

“பாய், நீங்க ஸ்பேனரப் புடிங்க. ஸ்டெதாஸ்கோப் உங்களுக்கு எதுக்கு?”

பேங்க்காரர் சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. “நமக்கென்ன சார், பட்டதச் சொன்னேன்” என்று சொல்லிவிட்டுக் குனிந்து வேலையைப் பார்த்தார். அன்றைக்குப் பின்னால் அவர் எங்கள் பேச்சில் கலந்துகொள்வது குறைந்துபோயிற்று.

அதற்குச் சில வாரங்கள் கழித்து, பள்ளிக்கூடம் விட்ட பிறகு நண்பன் என் வகுப்பறைக்கே வந்துவிட்டான். அப்படி வருகிறவன் இல்லை. பஸ்ஸில் வந்திருந்தான். முதல் பெஞ்சில் உட்கார்ந்தான்.

“மாப்ள, மாடிப்படி ஏறினாலே வாங்குது. படுத்தா வாங்குது. தலகாணிய அண்டக் குடுத்து உக்காந்துக்கிட்டே தூங்குறேன். வீட்டுல அவதான், போயி வாத்தியார்ட்டச் சொல்லுங்கன்னா. அதான் வந்தேன்.”

என்னிடம் சொல்லத்தான் வந்திருக்கிறான். என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறான். இதை எழுதும்போதும் எனக்கு என் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. நான் எழுந்து போய்ச் சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகையில் நாற்பத்துநாலு எழுதி, கீழே கோடு போட்டு, இருபத்திரண்டு எழுதினேன்.

“ரெண்டு! முழு எண்ணா வருது பாரு. முன்னால நாலு கொறைப்போம், பின்னால ரெண்டு கூட்டுவோம். உடம்புக்குச் சுமை கொறைஞ்சா எல்லாம் சரியாயிரும். நீ பழைய வேகத்துலயே மிதிச்சு மிதிச்சு உடம்பக் கெடுத்து வச்சிருக்க.”

அவன் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தெளிந்தது. நிஜமாகவே தெளிந்தது. “நீ கணக்குப் போட்டுச் சொல்லிட்டா எனக்கு ஒரு தைரியம் மாப்ள” என்றான். நான் அவனை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

விடை இரண்டு வந்தும் போதவில்லை. அடுத்த கோடையில் அவனுக்கு மலைச் சைக்கிள் வரவழைப்பது என்று முடிவு செய்தோம். பேங்க்காரரின் மச்சான் சிங்கப்பூரில் இருந்தார். அவர் அனுப்பிய புத்தகத்தில் வழவழ காகிதத்தில் சைக்கிள் படங்கள். ஒரு பக்கம் ரேஸ் சைக்கிள், விரல் பருமனில் டயர், கீழே வளைந்த ஹேண்டில். மறுபக்கம் அப்போது புதிதாக வந்திருந்த மலைச் சைக்கிள், மோட்டார் சைக்கிள் மாதிரி தடித்த டயர், நேர் ஹேண்டில், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஆறு. பாய் கடையில் நாலு சனிக்கிழமை வாதம் நடந்தது. கல்லுப்பட்டி ரோட்டுக்குத் தடித்த டயர் எதற்கு, தார் ரோட்டில் இழுக்குமே என்றார் பேங்க்காரர். அவருக்கு ரேஸ் சைக்கிள்மேல் ஆசை. நான் விடவில்லை. மலைச் சைக்கிளின் படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் பல் எண்ணிக்கை போட்டிருந்தது. முன்னால் சிறியதில் இருபத்தெட்டு, பின்னால் பெரியதிலும் இருபத்தெட்டு.

“வகுத்தா ஒண்ணு. ஒரு மிதிக்கு ஒரு சுத்து. இதுல கொடைக்கானல் என்ன, செவுத்துலயே ஏறலாம்.”

நண்பன் படத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் உள்ளங்கை வேர்த்து அந்தப் பக்கம் சுருங்கிவிட்டது.

சித்திரைத் திருவிழாவுக்கு லீவில் வந்த மச்சான் அதைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். பாய் ஒரு முழு நாள் உட்கார்ந்து பூட்டினார். சீட்டை நண்பனின் காலுக்கு அளவெடுத்து வைத்தேன். அதை வேறு யாரும் தொடக்கூடாது, அளவு கலைந்துவிடும் என்று உத்தரவும் போட்டேன். நானும் ஏறவில்லை. எனக்கு எதற்கு, என் பதினெட்டுப் பல் எனக்குப் போதும் என்ற திமிர். தண்ணீரில்லாத வைகையில் இறங்கி மணலில் ஓட்டிக் காட்டினான். கரையில் நின்றவர்கள் விசிலடித்தார்கள். ஐம்பது அடி போனதும் இறங்கிவிட்டான். மணல்தானே என்று சொன்னேன்.

அடுத்த ஞாயிறு விடியலில் நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பசுமலை மேட்டின் பாதியில் அவன் தெரிந்தான். சைக்கிள் நின்றுபோகிற மாதிரி வந்துகொண்டிருந்தது. பேங்க்காரரும் என் பக்கத்தில் நின்றார்.

“மாப்ள! சின்னதுல போடு! முன்னால உள்பக்கம் போடு!” என்று கத்தினேன்.

“போட்டுட்டேன்!”

“பின்னால பெருசுல போடு!”

“அதுவும் போட்டாச்சு!”

“இன்னும் போடு!”

அவன் இறங்கிவிட்டான். ஹேண்டிலைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு, நாலடிக்கு ஒரு தரம் நின்று, என் வாசலுக்கு வந்து சேர்ந்தான். “இதுக்கு மேல இல்லடா” என்றான். வாய் திறந்து பேச அவனுக்கு அம்புட்டு நேரம் பிடித்தது.

நான் பேங்க்காரரிடம் மெதுவாகச் சொன்னேன். “இவனுக்குக் கியர் போடத் தெரியல.”

அதற்குப் பிறகு அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வரவில்லை. தறியில் வேலை அதிகம் என்று சொல்லி அனுப்பினான். சைக்கிள் வந்ததும் ஆர்வம் போய்விட்டது பார் என்று எனக்கு வருத்தம்கூட. அந்த ஆவணியில், தறிக்குப் பக்கத்தில் நூல் கண்டை எடுக்கக் குனிந்தவன் எழுந்திருக்கவில்லை. பெரியாஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது.

டாக்டர் இளவயதுக்காரர். சின்ன வயதில் இவருக்குக் காய்ச்சல் வந்து முட்டியெல்லாம் வீங்கியதா என்று கேட்டார். நண்பனின் மனைவி, ஆமாம், மாமியார் சொல்லியிருக்கிறார் என்றது. அப்போதே இருதயத்தின் வால்வு ஒன்று கெட்டிருக்கிறது. முன்னாடியே வந்திருந்தால் மருந்து இருந்தது, மெட்ராசுக்கு அனுப்பி ஆபரேஷனும் செய்திருக்கலாம் என்றார். எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது என்று பொதுவாகக் கேட்டார். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது. எது எந்தத் தேதி என்று வரிசையாக என் நோட்டில் இருந்தது. சொன்னேன்.

“இம்புட்டு நாளா என்ன சார் பண்ணிக்கிட்டிருந்தீங்க?” என்றார்.

நான் வார்டுக்குள் போனேன்.

நண்பன் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய். என்னைப் பார்த்ததும் கையசைத்துக் கிட்டக் கூப்பிட்டான்.

“எனக்கு நல்லாப் போடத் தெரியும் மாப்ள. சின்னதுலதான் போட்டு வச்சிருக்கேன். வேணும்னா நீ ஒரு தரம் ஓட்டிப் பாரு.”

அப்படியானால் நான் பேங்க்காரரிடம் சொன்னது அவன் காதில் விழுந்திருக்கிறது. பதினோராம் நாள் போய்விட்டான். முப்பத்தாறு வயது.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து அவன் மனைவி ஆளனுப்பியது. போனேன். சைக்கிள் தறிக்கூடத்துச் சுவரில் சாய்ந்திருந்தது.

“இத எடுத்துட்டுப் போயிருங்கண்ணே. கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கு.”

சரிம்மா என்றேன். அது அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஆஸ்பத்திரிக்குப் போவம், போவம்னு நானும் சொல்லிக்கிட்டேதாண்ணே இருந்தேன். அதெல்லாம் மாப்ளட்டச் சொல்லியாச்சு, அவன் கணக்குப் போட்டுப் பாத்துக்கிட்டிருக்கான்னுவாக. படிச்சவுக, வாத்தியாரு, பாத்துக்குவாகன்னு நானும் இருந்துட்டேண்ணே.”

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். செல்லூர் சந்து முழுக்கத் தறிச்சத்தம். பாய் கடையைத் தாண்டும்போது அவர் நிமிர்ந்து பார்த்துச் சலாம் வைத்தார். சிம்மக்கல், ஸ்டேஷன் என்று ஊரைத் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போனேன். பசுமலை மேட்டின் அடியில் நின்று பார்த்தேன். சங்கிலி அவன் சொன்னபடியே, முன்னால் சிறியதிலும் பின்னால் பெரியதிலும் கிடந்தது. இருபத்தெட்டுக்கு இருபத்தெட்டு.

ஏறி உட்கார்ந்து பெடலில் கால் வைத்தேன்.

எடையே இல்லை. காலை வைத்ததும் அதுபாட்டுக்குச் சுற்றியது. மிதிக்கிறேன் என்றே தெரியவில்லை. சைக்கிள் நடக்கிற வேகத்தில் மேட்டில் ஊர்ந்துகொண்டிருந்தது. தலையில் கீரைக்கூடை வைத்திருந்த ஒரு அம்மா என்னைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. இதைவிட லேசாக ஒரு சைக்கிளை யாராலும் செய்துதர முடியாது. இதில்தான் அவன் இறங்கித் தள்ளினான். இதில்தான், இன்னும் போடு என்று நான் கத்தினேன். அன்றைக்கே அவனைக் கீழே இறக்கிவிட்டு, ஒரு ஃபர்லாங், ஒரே ஒரு ஃபர்லாங் நான் ஓட்டிப் பார்த்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். கணக்கே வேண்டாம், என் காலே சொல்லியிருக்கும்.

அவன் நின்று நின்று தள்ளி வந்த மேட்டை ஒரு காலைக்கூட ஊன்றாமல் ஏறி என் வாசலில் போய் நின்றேன். மூச்சு வாங்கவில்லை. கொஞ்சமாவது வாங்கித் தொலைத்திருக்கலாம்.