மூடி வைத்த நீர்

என் மேசையில், சன்னலோரம், ஒரு சிறிய கண்ணாடிப் புட்டி இருக்கிறது. கழுத்து வரை நீர். மூடியைச் சுற்றி மெழுகு. வெயில் பட்டால் நீரின் மேல் மெல்லிய வானவில் ஒன்று எழுந்து அசையும். அதைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ மதியங்களை வீணடித்திருக்கிறேன், வருத்தமே இல்லை. இனயம் என்ற கடலோர ஊரில் என் ஆய்வுத் தோழியின் வீட்டுக் கிணற்றிலிருந்து எடுத்த நீர் அது.

இரண்டாயிரத்துப் பத்தையொட்டிய ஆண்டுகள். நாகர்கோவிலில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருவரும் முனைவர் பட்டத்துக்குப் படித்தோம். நான் சேற்றிலிருந்து நுண்ணுயிர் வளர்ப்பவள், அவள் கணினிக்காரி. எந்த வேதிப்பொருளை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்கும், எதைத் தொடாது என்று முன்கூட்டியே சொல்ல தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரலான ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பழக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பொருளின் அமைப்பையும் கொடுத்து, தின்னுமா தின்னாதா என்று கேட்பாள். தப்பாகச் சொன்னால் அது தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும், மறுபடியும் கேட்பாள். பழைய கணினி மதியம் முழுக்க முனகும். திரையில் பிழையின் அளவு சொட்டுச் சொட்டாகக் குறையும். வெளியே தென்னோலைகள் அசைய, அவள் மேசையில் கன்னம் வைத்துத் தூங்கிப்போவாள். மின்சாரம் போனால் எல்லாம் முதலிலிருந்து. "ஏட்டி, சிரிச்சன்னா கொன்னுருவேன்" என்பாள், கண்ணைத் திறக்காமலே.

ஒரு மழைக்காலத்தில், படகு எஞ்சினுக்காக அவள் அண்ணன் கிணற்றருகே வைத்திருந்த மண்ணெண்ணெய் பீப்பாய் கவிழ்ந்து, அவ்வளவும் கிணற்றில் இறங்கிவிட்டது. கடலுக்கு அத்தனை அருகில் நல்ல தண்ணீர் ஊறும் கிணறு. அவள் அம்மாவுக்கு அதுதான் உயிர். அண்ணனோ, "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன், பொறவு மண்ணு போட்டு மூடிருவேன்" என்று நின்றான். பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க நான் அன்று எடுத்து மெழுகிட்டதுதான் இந்தப் புட்டி. மண்ணெண்ணெயில் உள்ள பொருள்களை ஒவ்வொன்றாக அவள் நெட்வொர்க்கிடம் கேட்டாள். பெரும்பாலானவற்றுக்கு அது 'தின்னும்' என்றது. கிணற்றிலேயே இருக்கும் நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும், காத்திருந்தால் போதும். சந்தோஷத்தில் ஆய்வுக்கூடமே அதிரக் கத்தினோம். அவள் அம்மா மட்டும், போனில், "ஒனக்க கம்பியூட்டரு வந்து இந்தக் கெணத்து வெள்ளத்தக் குடிக்குமா மக்கா?" என்று கேட்டார்.

வாரங்கள் போயின. வாடை போகவில்லை என்று வீட்டிலிருந்து தகவல் வந்துகொண்டே இருந்தது. தோழிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடியும் நேரத்தில் இனயம் போய்ச் சேர்ந்தோம். கிணற்றின் மேல் தகரம், அதன்மேல் தார்ப்பாய், அதன்மேல் கல். வாடை அக்கம்பக்கம் போகக்கூடாதென்று அம்மாதான் மூடியிருந்தார். தோழி தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ அம்மா, இப்பிடி மூடுனா அதுகளுக்கு மூச்சு முட்டாதா?" நெட்வொர்க் படித்த சோதனைகளெல்லாம் காற்றோட்டமுள்ள குடுவைகளில் நடந்தவை. பொருளைப் பற்றி அதற்குத் தெரியும். கிணற்றை மூடியிருப்பதை அதற்கு யார் சொன்னார்கள்?

அன்றே மூடியதையெல்லாம் எடுத்துவிட்டு, நீரில் காற்று கலக்கட்டும் என்று தண்ணீரை இறைத்து, உயரத்திலிருந்து அதே கிணற்றுக்குள் ஊற்றினார்கள். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனம். அண்ணன் முதலில் முணுமுணுத்தான். பிறகு, கரையில் நின்று வலை இழுப்பவனைப் போலக் குரல் கொடுத்துக்கொண்டே கயிற்றைப் பிடித்தான். போகும்போதெல்லாம் நானும் இறைத்தேன். நீர் விழும் ஓசையும் கடலோசையும் கலந்து, நின்றபடியே கனவு வரும். காற்றில் பறந்தது எவ்வளவு, நுண்ணுயிர் தின்றது எவ்வளவு என்று அவளாலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வீட்டில் கிறிஸ்மஸ் குடில் கட்டிக்கொண்டிருந்த நாளில், குடிக்கலாம் என்று பரிசோதனை முடிவு வந்தது. அம்மா ஒரு வாய் குடித்தார். அப்புறம் அழுதார்.

தோழி இப்போது வெளிநாட்டில் இருக்கிறாள். போன வாரம் மேசையைத் துடைக்கும்போது புட்டி உருண்டு, மெழுகு விட்டுவிட்டது. குப்பென்று அதே மண்ணெண்ணெய் வாடை. அந்த மழைக்காலம் இத்தனை வருடமும் அதற்குள் அப்படியே இருந்திருக்கிறது. உடனே இனயத்துக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பக்கம் கிணற்றில் வாளி விழும் சத்தம் கேட்டது.

"அட பாவமே! அத மட்டும் ஏன் மக்கா பூட்டி வச்சிருக்க? தொறந்து விடு."

மூடியைக் கழற்றி, காற்று வரும் பக்கமாகப் புட்டியை நகர்த்தி வைத்தேன்.